ஆபீசரின் புனல்

சர்வேயர் வாசலில் டேப்பை விரித்து அளந்துகொண்டிருந்தார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. டேப் இன்னும் ஓய்வு பெறவில்லை. அதன் ஒரு முனையைத் தண்ணீர்த்தொட்டி மூடியின் ஓரத்தில் மருமகள் அழுத்திப் பிடித்திருந்தாள். மறுமுனை கேட்டருகே அவர் கையில் இருந்தது.

"பதினோரு அடி நாலு அங்குலம்," என்றார். "எழுதிக்கோம்மா. சம்பவம் நடந்தது நம்ம எல்லைக்குள்ள பதினோரு அடி நாலு அங்குலம். ஆபீசர் அத்துமீறிப் போகல. அந்தப் பக்கத்து ஆள்தான் உள்ள வந்திருக்கு."

"மாமா, ஆபீசருக்கு அங்க தையல் போட்டுட்டிருக்காங்க. பத்து மணிக்கு வந்து கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க."

"போவோம். உயிரை டாக்டர் பாத்துக்கட்டும். மானத்தை நாமதானே பாத்துக்கணும்?"

ஆபீசர் என்பது பூனை. முப்பத்து மூன்று வருஷம், ஆபீசர்கள் உள்ளே நுழையும்போதெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றவர் சர்வேயர். ஓய்வு பெற்ற மறுவாரம், சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி, வெள்ளை மீசையும் நாலு காலிலும் வெள்ளை உறையுமாக கேட் வழியே நிதானமாக நடந்து வந்தது. அவர் பேப்பர் எடுக்க எழுந்த நேரம் பார்த்து அவருடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. திரும்பி வந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் அதன் எதிரே நின்றார். "ஆபீசர் வந்தாச்சு போல," என்றாள் அப்போது வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த மருமகள். பெயர் ஒட்டிக்கொண்டது. சர்வேயர் தனக்கு வேறு நாற்காலி வாங்கிக்கொண்டார்.

அந்தக் குடும்பத்தில் யாரும் தலை குனிந்தது கிடையாது. இதை அவர் அடிக்கடி சொல்வார், ஆதாரத்தோடும் சொல்வார். அவருடைய அப்பா நிமிர்ந்தே நடந்து நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டவர். நிலையை உயர்த்தச் சொல்லித் தச்சரைக் கூப்பிட்டாரே ஒழிய, தலையைத் தாழ்த்தவில்லை. சர்வேயரும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு முன் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் ஒரு கழுத்துப் பட்டை எழுதிக் கொடுத்தார். வாங்கினார். பெட்டியைப் பிரிக்காமல் அலமாரி மேல் வைத்தார். "நாய்க்குத்தான் கழுத்துல பட்டை போடுவாங்க," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த வீடு பேக்கரி. முன்னால் கடை, பின்னால் அடுப்பு, நடுவில் பாப்பா. பாப்பா என்பது நாயின் பெயர். குட்டியாக வந்தபோது வைத்த பெயர். இப்போது அது எழுந்து நின்றால் பேக்கரிக்காரரின் தோளுக்கு வரும். பேக்கரிக்காரரும் சிறிய ஆள் இல்லை.

அன்று காலை மாவு வண்டி வந்தது. மூட்டை இறக்கும்போது காலுக்குள் புகுந்து இடைஞ்சல் பண்ணுகிறது என்று பாப்பாவை அவிழ்த்துத் தெருவில் விட்டார் பேக்கரிக்காரர். சர்வேயர் பேப்பர் எடுக்க கேட்டைத் திறந்திருந்தார். ஆபீசர் தொட்டி மூடியில் வெயிலுக்கு வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தது. குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். பாப்பா குரைக்கவே இல்லை.

"ஒண்ணும் பண்ணாது சார்! அது விளையாடுது!" என்று தெருவிலிருந்து பேக்கரிக்காரர் கத்திக்கொண்டிருந்தபோது, ஆபீசரின் பின்னங்கால் பாப்பாவின் வாயில் இருந்தது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம். ஆனால் குடை கையெட்டும் தூரத்தில் இருந்தது. சர்வேயர் விட்ட மூன்றாவது அடியில் குடை உடைந்தது, பாப்பா காலை விட்டுவிட்டு ஓடியது, அவருடைய கழுத்தும் சுளுக்கிக்கொண்டது. கடைசிச் செய்தியை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆபீசர் பாதி மயக்கத்தில் நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு கிடந்தது. பின்னங்காலில் பன்னிரண்டு தையல். கழுத்தைச் சுற்றி, தலைக்கு வெளியே அகலமாக விரிந்த பிளாஸ்டிக் புனல்.

கால்நடை டாக்டர் கண்டிப்பான அம்மா. "பத்து நாள். இந்தப் புனல் கழுத்தை விட்டு இறங்கவே கூடாது. நாக்கு காயத்துல பட்டா தையல் பிரிஞ்சிடும். சாப்பிடும்போதும் கழட்டாதீங்க. புரியுதா சார்?"

"நாங்க விதிமுறைப்படி நடக்கிற குடும்பம்," என்றார் சர்வேயர்.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூடிப் பேசிக் கலைந்தனவாம். இந்த வீட்டில் புனல் கட்டும் வேலையை மருமகள் ஏற்றுக்கொண்டாள். அவள் தபால் ஆபீசில் பார்சல் பிரிவு. முடிச்சு அவளுக்குக் கைவந்த கலை. புருஷன் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில். ஆகவே வீட்டில் இருந்தது அவளும் மாமனாரும் ஆபீசரும்தான். காலையில் மருந்து போட்டு, புனலின் நாடாவை இறுக்கிப் பூ முடிச்சாகக் கட்டிவிட்டு வேலைக்குப் போவாள். மாலை வந்து பார்ப்பாள். நடுவில் பொறுப்பு சர்வேயருடையது.

ஆபீசருக்குப் புனல் பிடிக்கவில்லை. முதல் நாள் முழுவதும் பின்னோக்கியே நடந்தது. கழுத்தில் இருப்பதிலிருந்து பின்வாங்கித் தப்பித்துவிடலாம் என்று கணக்கு. கதவில் இடித்தது, மேஜைக்காலில் இடித்தது, பால் கிண்ணத்தைப் புனலால் மூடிவிட்டு, பால் எங்கே போனது என்று தேடியது. சர்வேயர் டேப்பை எடுத்தார். கிண்ணத்தை இரண்டு புத்தகத்தின் மேல் தூக்கி வைத்து, புனல் விளிம்புக்குச் சரியான உயரம் நாலரை அங்குலம் என்று அளந்து கண்டுபிடித்தார். அப்புறம்தான் ஆபீசர் குடித்தது.

பேக்கரிக்காரர் அன்று மாலையே ஒரு பெட்டி பன் கொடுத்தனுப்பினார். கொண்டுவந்தவர் குழாய் ரிப்பேர் பார்ப்பவர்.

"திருப்பிக் கொண்டு போங்க," என்றார் சர்வேயர். "பன்னுக்குக் கால் இல்ல. மன்னிப்புக்குக் கால் வேணும். அது நடந்து வரணும், நம்ம கேட் வரைக்கும்."

"அவர் உங்களப் பாக்கவே பயப்படறார் சார்."

"நாயை அவிழ்த்துவிட பயமில்லையே?"

பன்னிரண்டு பன் வந்தது, பதினொன்று திரும்பியது. அந்த ஒன்றைப் பற்றிக் கேட்டபோது மருமகள் வாய் நிறைய ஏதோ மென்றுகொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கெடுத்தது குழாய்க்காரரின் வாய். போகிறவர் சும்மா போகாமல் ஆபீசரை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன சார், பூனை செய்தி வாசிக்கப் போகுதா? ஒலிபெருக்கி மாட்டியிருக்கீங்க!"

மறுநாள் வந்த எதிர்வீட்டு அம்மா, "ஐயோ, பூ ஜாடி மாதிரி என்ன அழகு! நாலு பூ வாங்கி வச்சிடலாமே!" என்றாள்.

சர்வேயர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. இந்த வீட்டில் அடிபட்டவர்கள் உண்டு, நோயில் விழுந்தவர்கள் உண்டு, கடல் கடந்து போய்க் கடிதம் போடாதவர்கள்கூட உண்டு. ஊர் சிரிக்க உட்கார்ந்தவர்கள் கிடையாது. வீரமாக அடிபட்டு வந்த ஒரு ஜீவனை வருகிறவன் போகிறவனெல்லாம் ஒலிபெருக்கி, பூ ஜாடி என்றால், கேட்டுக்கொண்டிருப்பதற்கு ஒரு சர்வேயர் எதற்கு?

அன்று மாலையிலிருந்து ஒரு நடைமுறை வந்தது. கேட்டின் தாழ்ப்பாள் 'டக்'கென்றால், ஏழு எண்ணுவதற்குள் நாடா அவிழும்; புனல் நாற்காலிக்கு அடியில் போகும்; அதன் மேல் பேப்பர் விழும். வந்தவர்களுக்கு முன் ஆபீசர், மீசை சீவி, காலை மட்டும் நீட்டி, போரில் காயம்பட்ட தளகர்த்தரைப் போல மடியில் வீற்றிருக்கும். "நல்லா தேறிடுச்சே!" என்பார்கள். "எங்க வீட்டுப் பிள்ளை," என்பார் சர்வேயர். வந்தவர்கள் தெருமுனை தாண்டியதும் புனல் திரும்பக் கழுத்தில் ஏறும். மருமகளுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தார். சொல்ல வேண்டாம் என்று நினைக்கிற எதிலும் ஏதோ இருக்கத்தான் செய்கிறது என்பதை நினைக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவருடைய பழைய சக ஊழியர் வந்தார். ஒன்றாக மலை மேட்டில் நில அளவைச் சங்கிலி இழுத்தவர். 'டக்' கேட்டது, ஏழு எண்ணப்பட்டது, புனல் மறைந்தது. வந்தவர் இரண்டு நிமிஷம் பூனையைப் பற்றிப் பேசினார். பிறகு ஒரு கிணறு இரண்டு பேருடைய வேலிக்கு நடுவில் வந்துவிட்ட பழைய வழக்கை எடுத்தார். அந்தக் கிணற்றை விட்டு இருவரும் மேலே ஏற முக்கால் மணி நேரம் ஆனது. இடையில் எப்போதோ ஆபீசர் மடியிலிருந்து இறங்கி நாற்காலிக்கு அடியில் போனது. 'சரக், சரக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. வேலி எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற வாக்குவாதத்தில் அது அவர் காதில் ஏறவில்லை.

நண்பரை அனுப்பிவிட்டுக் குனிந்து பார்த்தார். அவர் குனிந்தது நெடுநாளைக்குப் பிறகு. கழுத்தில் ஊசி குத்தியது. ஆபீசர் வேலையை முடித்துவிட்டு, திருப்தியாக அவரைப் பார்த்தது. தரையில் நூல் துணுக்குகள். காலில் நாலு தையல் பிரிந்து காயம் வாய் பிளந்திருந்தது.

புனலைத் திரும்பக் கட்டுவதற்குள் மூன்று முறை நாடா நழுவியது. கட்டி முடிக்கவும் மருமகள் வரவும் சரியாக இருந்தது.

"அய்யோ, மாமா! ரத்தம்!"

ஆட்டோ பிடித்து ஓடினார்கள். கால்நடை டாக்டர் காயத்தைப் பார்த்தார், புனலைப் பார்த்தார், இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புனல் கழுத்துல இருந்தா நாக்கு எப்படிக் காலுக்குப் போகும்? யாரு கழட்டினது?"

சர்வேயர் வாயைத் திறந்தார். அதற்குள், "நான்தான் காலையில சரியா கட்டாம விட்டுட்டேன் போல, டாக்டர்," என்றாள் மருமகள்.

திறந்த வாய் திறந்தபடி இருந்தது. எதிர்ச் சுவரில் கிளிகளுக்கு வரும் நோய்கள் பற்றி ஒரு படம் தொங்கியது. சர்வேயர் அதை மிகவும் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"என்னம்மா நீ, படிச்ச பொண்ணு," என்றார் டாக்டர். "இந்தத் தடவை தைச்சுட்டேன். இன்னொரு தடவை பிரிஞ்சா இழுத்துத் தைக்கத் தோல் இல்ல. காலையே எடுக்க வேண்டியதுதான். பத்து நாள் இன்னிலேருந்து புதுசா ஆரம்பம்."

திரும்பி வரும் வழியில் ஆபீசர் மருமகளின் மடியில் கூடைக்குள் இருந்தது. சர்வேயருக்கு இப்போது கிளிகளின் நோய் ஐந்தும் மனப்பாடம். அதில் எதுவும் இந்த நெஞ்சடைப்புக்குப் பொருந்தவில்லை. இரண்டு பேர் நிலத்துக்கு நடுவில் கல் நட்டவர் அவர். கல்லை இரவோடு இரவாக நகர்த்தி வைத்தவர்களைக் கண்டால் காறித் துப்பியவர். இன்று ஒரு பழி தன் பக்கத்திலிருந்து மருமகள் பக்கத்துக்கு நகர்ந்தது. பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பதினோரு மணிக்குத் தாழ்ப்பாள் 'டக்'கென்றது. சர்வேயரின் கை தானாக நாடாவுக்குப் போனது. போன கை பாதியில் நின்றது. ஆபீசர் நிமிர்ந்து பார்த்தது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வந்தவர் சம்பந்தி, மருமகளின் அப்பா. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவர். இரண்டு கட்டடம் தாண்டி நிற்கும் பஸ்ஸுக்குக் கேட்கும்படி பேசிப் பேசி, வீட்டுக்குள்ளும் அதே குரல்.

"வாங்க சம்பந்தி!"

"வந்தாச்சு! இதென்ன, பூனை புனல் வழியா எண்ணெய் ஊத்தப் போகுதா?" என்று சிரித்தார். சர்வேயர் பல்லைக் கடித்தார். புனலைத் தொடவில்லை.

உட்கார்ந்து காப்பி குடித்தபடி சம்பந்தி விவரம் கேட்டார். நாய் கடித்தது, தைத்தது, பிரிந்தது, திரும்பத் தைத்தது. கேட்கக் கேட்கக் குரல் ஏறியது.

"புனல் எப்படிம்மா அவுந்தது?"

"சரியா கட்டலப்பா," என்றாள் மருமகள் சமையலறை வாசலில் நின்றபடி.

"சரியா கட்டலையா? பார்சல் ஆபீஸ்ல வேல பாக்கற, ஒரு நாடா கட்டத் தெரியல? உன்னப் பெத்து வளத்து, கட்டிக் கொடுத்த வீட்ல ஒரு பூனையப் பாத்துக்கத் துப்பில்லன்னு பேர் வாங்கித் தரியா? சம்பந்தி, நீங்க தப்பா நினைக்காதீங்க. எங்க வளர்ப்பு அப்படி இல்ல. சின்ன வயசிலேர்ந்து இவளுக்கு எதுலயும் ஒரு..."

"நிறுத்துங்க சம்பந்தி," என்றார் சர்வேயர்.

எழுந்து நின்றார். மடியில் இருந்த ஆபீசரையும் அணைத்துக்கொண்டே நின்றார். முப்பத்து மூன்று வருஷம் எத்தனையோ ஆபீசர்களுக்கு எழுந்து நின்றிருக்கிறார். இத்தனை கனமாக எழுந்தது இல்லை.

"உங்க வளர்ப்புல ஒரு குறையும் இல்ல. முடிச்சு போட்டது உங்க பொண்ணு. அவிழ்த்தது நான்."

சம்பந்தியின் காப்பி டம்ளர் வாய்க்கும் மேஜைக்கும் நடுவில் நின்றது.

"வர்றவங்க சிரிக்கறாங்கன்னு கழட்டினேன். ஒவ்வொரு தடவ ஆள் வரும்போதும். நேத்து பேச்சு சுவாரசியத்துல மறந்துட்டேன். டாக்டர்கிட்ட பழிய இவ ஏத்துக்கிட்டா. நான் கிளிப் படம் பாத்துட்டு நின்னேன். இந்தக் குடும்பத்துக்கு நான்தான் தலைகுனிவு தேடி வச்சிருக்கேன். இவ இல்ல."

சம்பந்தியின் குரல் எங்கோ பஸ் ஏறிப் போய்விட்டது.

"எனக்குத் தெரியும், மாமா," என்றாள் மருமகள்.

"தெரியுமா?"

"நான் போடறது பூ முடிச்சு. சாயங்காலம் வந்து பாத்தா தினமும் சர்வே சங்கிலி முடிச்சு இருக்கும். காத்தா வந்து மாத்திக் கட்டும்?"

"அப்புறம் ஏன்மா நேத்து அப்படிச் சொன்ன?"

"நீங்களே சொல்லுவீங்கன்னுதான். சொல்லாம உங்களால எத்தன நாள் சாப்பிட முடியும்?" என்றாள். "எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வேள. நேத்து ராத்திரி, இன்னிக்குக் காலை. சரியா?"

சரிதான். சர்வேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். மருமகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கினாள்.

"சிரிப்பாங்கன்னுதானே ஆபீசர் புனலக் கழட்டினீங்க? இனிமே ஆபீசர் மட்டும் தனியா சிரிப்பு வாங்க வேண்டாம். அது புனல் போட்டிருக்கிற வரைக்கும் நீங்களும் இதப் போடணும். அது கழுத்துலேர்ந்து இறங்கினா உங்களுதும் இறங்கலாம். சம்மதமா?"

"நாய்க்குத்தான்மா பட்டை..."

"மாமா."

சம்பந்தி மூக்கால் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சர்வேயர் கழுத்தை நீட்டினார். பட்டை ஏறியது. ஒரு வாரமாகக் குத்திய கழுத்து, முதல் தடவையாகக் குத்தாமல் நின்றது. அதை மட்டும் அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

நான்கு நாள் கழித்து, மாலை நேரம், கேட்டருகே ஒரு பெரிய நிழல் விழுந்தது. பேக்கரிக்காரர். கையில் பன் பெட்டி இல்லை. வெறும் கையோடு, நடந்து வந்திருந்தார். வாயில் எதையோ மனப்பாடம் பண்ணிக்கொண்டே வந்தவர், வாசலைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்தார். நாற்காலியில் கழுத்துப் பட்டையோடு சர்வேயர். மடியில் கழுத்துப் புனலோடு பூனை. இருவரும் அசையாமல் அவரையே பார்த்தார்கள்.

"ஐயா..." பேக்கரிக்காரருக்கு முகம் மாவாக வெளுத்தது. "உங்களையுமா... கழுத்துலயா கடிச்சுது? எனக்குத் தெரியவே தெரியாது ஐயா! யாருமே சொல்லலியே! நாளைக்கே பாப்பாவ எங்கயாவது கொடுத்துடறேன். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க, இன்னிக்கே கொண்டு போய் விட்டுட்டு வந்துடறேன்!"

தலையை ஆட்டினால் போதும். அடுத்த வீட்டில் நாய் இருக்காது. ஆபீசர் நிம்மதியாக வெயில் காயலாம். பொய் சொல்லக்கூட வேண்டாம், சும்மா ஒரு ஆட்டு. ஆனால் பட்டை தலையை ஆட்ட விடவில்லை. விட்டிருந்தாலும், அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஆட்டியிருக்க மாட்டார்.

"உங்க நாய் கடிச்சது பூனைய," என்றார். "என்னக் கடிச்சது வயசு. அதையும் இதையும் சேத்துப் போட்டுக் குழப்பாதீங்க. நீங்க சொல்ல வந்ததச் சொல்லுங்க."

பேக்கரிக்காரர் மூச்சு விட்டார். கேட்டைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னுது ஐயா. பாப்பாவ அவிழ்த்து விட்டது நான். ஒண்ணும் பண்ணாதுன்னு கத்தினேன் பாருங்க, அது வாய்ல வந்த பொய். முன்னாடி ஒரு தடவ பால்காரர் பேன்டக் கிழிச்சிருக்கு. வெளிய சொல்லல." தலையைக் குனிந்தார். "உங்ககிட்ட வர அஞ்சாறு தடவ கேட் வரைக்கும் வந்து திரும்பிட்டேன்."

ஒரு வாயைத் திறந்து ஒரு தப்பைச் சொல்ல எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று இப்போது சர்வேயருக்குத் தெரியும். "உள்ள வாங்க," என்றார். "அந்த டேப்ப எடும்மா."

அடுத்த அரைமணி நேரம் பேக்கரியின் பின்கட்டில் வேலை நடந்தது. பாப்பாவைக் கட்டும் தூணிலிருந்து தெருக்கதவு வரை பதினான்கு அடி இரண்டு அங்குலம். "அப்ப சங்கிலி பன்னெண்டு அடி. ஒரு அங்குலம் கூடக்கூடாது. மாவு வண்டி வந்தாலும் சரி, மந்திரி வந்தாலும் சரி, அவிழ்க்கக் கூடாது. தெருவுல கூட்டிட்டுப் போகும்போது வாய்க்குக் கூடு போடணும்." பாப்பா இதையெல்லாம் கட்டில் அடியிலிருந்து கேட்டது. கையில் குடை இல்லை என்று தெரிந்த பிறகும் வெளியே வரவில்லை.

புதுக் கணக்கின் பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். இந்தத் தடவை டாக்டர் பிரித்தார். புனல் கழன்றதும் ஆபீசர் மேஜை மேல் நின்று, பின்னங்காலை ஊன்றலாமா வேண்டாமா என்று யோசித்தது. காலை வைத்தது. எடுத்தது. திரும்ப வைத்தது. ஊன்றியது. லேசாக நொண்டியபடி மேஜை விளிம்பு வரை நடந்து, எட்டிப் பார்த்து, சர்வேயரின் தோளில் தாவி ஏறியது. பட்டை மேல் இரண்டு முன்கால்களையும் வைத்து உட்கார்ந்துகொண்டது.

"நாலு காலும் நாலு காலாவே இருக்கு," என்றார் டாக்டர். பிறகு பட்டையைப் பார்த்தார். "சார், இது எத்தன நாளைக்கு?"

"ஒப்பந்தப்படி இன்னியோட முடிஞ்சுது," என்றார் சர்வேயர், பட்டையின் நாடாவில் கை வைத்தபடி.

"உங்க டாக்டருக்கு நேத்து போன் பண்ணிட்டேன், மாமா," என்றாள் மருமகள். "ஆறு வாரமாம்."

மறுநாள் மாலை வாசலில் தாழ்ப்பாள் 'டக்'கென்றது. பழைய சக ஊழியர், கிணற்று வழக்கின் மீதியோடு வந்திருந்தார். சர்வேயரின் கை கழுத்துப் பட்டைக்குப் போனது. ஏழு எண்ண நேரம் இருந்தது.

"மாமா," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

கை இறங்கியது. மடியில் ஆபீசர், இத்தனை நாள் விட்டுப்போன நக்கலையெல்லாம் ஒரே மூச்சில் தீர்த்துவிடுவதுபோல, பின்னங்காலை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நக்கியது. வந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னய்யா, புனல் பூனையிலேர்ந்து உங்க கழுத்துக்கு மாறிடுச்சா?"

"சிரிங்க, சிரிங்க," என்றார் சர்வேயர். அந்தக் குடும்பத்தில் யாரும் தலை குனிந்தது கிடையாது. இந்தப் பட்டையைப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்று நினைத்தாலும் முடியாது. "சிரிச்சு முடிச்சுட்டு உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆபீசரோடது."